பயணத்துக்கு ஆகாத வார்த்தைகள்

க்ராவீக், ஐஸ்லாந்து
18 அக்டோபர் 1993

இடலினா, சுகமாய் வா, ஆசியோடு வா.

எங்கள் ஊர் வணக்கம் இதுதான். முதல் பாடமாக வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. என் அண்ணன் கிஸ்ஸுர் உப்பு மீன் கப்பலில் போர்ச்சுகலுக்குப் போய், உன்னைப் பார்த்துவிட்டு இறங்கினவன்தான், திரும்பி ஏறவே இல்லை. இருபத்துமூன்று வருஷமாயிற்று. நான் இங்கே மீனுக்கு உப்புப் போடுகிறேன், நீ அங்கே அந்த உப்பை ஊறவைத்து எடுக்கிறாய். நமக்குள் இருந்த போக்குவரத்து அவ்வளவுதான். திடீரென்று கடிதம் என்றதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பிரித்தேன். இல்லை, பயணம் வரவேண்டுமாம். அதற்குக் கொஞ்சம் எங்கள் மொழி வேண்டுமாம். அண்ணனுக்குத் தெரியக்கூடாதாம், அடுத்த கோடையில் அவனை அசத்தவேண்டுமாம். நல்ல குறும்பு. எனக்குப் பிடித்தது.

எனக்குப் படிப்பு பன்னிரண்டு வயதோடு நின்றது. உன் மொழி தெரியாது. உப்புத் தொட்டியில் என் பக்கத்தில் நிற்கிற பெனெடிட்டா உன் நாட்டுக்காரி, இங்கே எட்டு வருஷமாய் இருக்கிறாள். அவள்தான் உன் கடிதத்தை வாசித்துச் சொல்லி, நான் பேசுவதை உன் மொழியில் எழுதுகிறாள். எங்கள் வார்த்தைகளையும் உன் எழுத்தில் போட்டிருக்கிறாள். தப்பிருந்தால் அவளைத் திட்டு.

'தயவுசெய்து' எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். எங்களிடம் அது கிடையாது. 'காபி கொடு' என்றால் கொடுப்போம். கொடுத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் நன்றி சொல்லலாம். சாப்பாட்டுக்கு நன்றி, இன்றைக்கு வந்ததற்கு நன்றி, போன தடவை பார்த்ததற்கு நன்றி, எல்லாம் உண்டு. 'நீங்கள்' என்பதும் கிடையாது. பாதிரியாரும் நீ, ஜனாதிபதியும் நீ. நீ எனக்கு நீங்கள் போட்டதைக் கேட்டு, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

உன் புருஷன்மேல் கோபமாக இருக்கிறேன். செப்டம்பரில் எனக்கு ஐம்பது முடிந்தது. ஊரே வந்து கேக் தின்றது. அவன் ஒரு போன்கூடப் போடவில்லை. நான் போட்டால் நீ எடுத்து என்னமோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். பெனெடிட்டாவை விட்டுக் கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறான் என்கிறாய். அப்படி என்ன வேலை?

நல்லாயிரு.
ஸ்வாவா


இல்யாவு, போர்ச்சுகல்
9 நவம்பர் 1993

மதிப்புக்குரிய நாத்தனார் ஸ்வாவா அவர்களுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், கடவுளுக்கு நன்றி.

நீங்கள் சொல்லியும் 'நீ' போட எனக்குக் கை வரவில்லை. மன்னிக்கவேண்டும்.

அனுப்பிய வார்த்தைகளைத் தினமும் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்க்கிறேன். அழுகை வருகிறது. எங்கள் மொழியில் ஒரு வார்த்தை அடுத்த வார்த்தைக்குள் வழிந்து போய்விடும். உங்கள் மொழியில் ஒவ்வொன்றும் மரச்செருப்பு போட்டுக்கொண்டு தனித்தனியாக மாடிப்படி இறங்குகிறது. நேற்றுப் படித்தது இன்றைக்கு வாயில் இல்லை. என் வயதில் இது தேவையா என்று என் அக்கா கேட்கிறாள்.

பேருந்து எங்கே, விலை என்ன என்பதெல்லாம் போதும். இவற்றை எப்படிச் சொல்வது என்று எழுதுங்கள்: குளிருகிறதா? தாகமாக இருக்கிறதா? எங்கே வலிக்கிறது? போர்வை வேண்டுமா? மெதுவாகச் சொல். கோபப்படாதே. பயணத்தில் உதவும்.

பிறந்தநாளுக்கு அவர் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். மீன் உலர்த்தும் களத்தில் வேலை அதிகம்.

பெனெடிட்டாவுக்கும் என் வணக்கம். கடவுள் உங்களைக் காக்கட்டும்.

இடலினா


க்ராவீக்
28 நவம்பர் 1993

இடலினா, சுகமாய் வா, ஆசியோடு வா.

எனக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். வெளிச்சம் பகலில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறது.

நீ கேட்ட வார்த்தைகளை வேலை இடைவேளையில் எல்லோருக்கும் சொன்னேன். சிரித்து முடிக்க நேரமாயிற்று. வருகிறவர்கள் அருவி எங்கே, வெந்நீர்க் குளம் எங்கே என்று கேட்பார்கள். நீ எங்களைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்கப்போகிறாய். வா வா, என் முழங்காலில் ஆரம்பி. பெனெடிட்டா மட்டும் சிரிக்கவில்லை. 'இது ஊர் சுத்தறவ கேக்கற கேள்வியா இல்லையே' என்றாள். அவள் எதையும் கொஞ்சம் அழுத்தமாக எடுத்துக்கொள்கிறவள்.

வார்த்தைகளைக் கீழே எழுதியிருக்கிறோம். ஆனால் ஒன்று சொல்லிவைக்கிறேன். வார்த்தை தெரிந்தால் மட்டும் போதாது. பெனெடிட்டா எட்டு வருஷமாக எங்கள் மொழியில் என்னைத் திட்டுகிறாள், நான் திருப்பித் திட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. அவளே கூட்டுறவுக் கடையில் போய்ப் பால் கேட்டால், கடைக்காரி அவள் முடியின் கறுப்பைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பெனெடிட்டாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்து தெரியாது. போன வாரம் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டாள்.

'நான் உன் பாஷையிலதானே கேட்டேன்? நீ ஏன் எவன் பாஷையிலயோ பதில் சொல்றே?'

'உனக்குச் சிரமம் வேணாம்னுதான்.'

'சிரமப்பட்டுத்தானே எட்டு வருஷமா கத்துக்கிட்டேன். அதைப் பேசவிடு.'

கடைக்காரி முகம் சிவந்து, மன்னிப்பு கேட்டாள். ஆங்கிலத்தில்.

நாங்கள் மரியாதை என்று நினைத்துச் செய்வது இது. உனக்கும் செய்வார்கள். விடாதே.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரும் என்று காத்திருக்கிறேன். அதில் அண்ணன் ஒரு வருஷமும் தவறியதில்லை.

ஸ்வாவா


இல்யாவு
4 ஜனவரி 1994

மதிப்புக்குரிய ஸ்வாவா அவர்களுக்கு,

புது வருஷம் உங்களுக்கு நல்லபடியாக அமையட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், கடவுளுக்கு நன்றி.

அட்டை தாமதமாகக் கிடைத்திருக்கும். அதில் அவர் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. அதுவும் கோணலாக இருக்கும். வலது கையில் சின்னக் காயம், இடது கையால் போட்டார். கவலைப்பட ஒன்றுமில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். இங்கே உங்கள் நாட்டு மாலுமி ஒருவர் இருக்கிறார். அவரிடம் நான் பேசிப் பழகுகிறேன். அவர் அடிக்கடி 'ஹேய்ம்' என்கிறார். காலையில் சொல்கிறார், சாயங்காலம் சொல்கிறார், சில நாள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்று சொல்கிறார். அதற்கு என்ன அர்த்தம்?

இன்னொன்று. நான் ஏதாவது கேட்டால் சட்டென்று மூச்சை உள்ளே இழுக்கிறார், தண்ணீரில் விழப்போகிறவர் மாதிரி. முதல் தடவை பயந்துபோய் மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டேன். மருத்துவர் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். உங்கள் ஜனங்களுக்கு இப்படி ஏதாவது நோய் உண்டா?

'போகாதே' என்பதற்கும் 'என் செல்லமே' என்பதற்கும் வார்த்தை வேண்டும்.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.

இடலினா


க்ராவீக்
25 ஜனவரி 1994

இடலினா, சுகமாய் வா.

நோயா? அடி பெண்ணே, அது 'ஆமாம்' என்று அர்த்தம். நாங்கள் பாதி ஆமாம்களை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் சொல்வோம். வெளியே விட்டால் உள்ளே இருக்கிற சூடு போய்விடும் என்றோ என்னவோ. உன் மருத்துவரிடம் சொல், அந்த ஆள் நீ கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவன் சட்டையைக் கழற்றியிருக்கிறீர்கள்.

'ஹேய்ம்' என்றால் வீட்டுக்கு. அவன் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறான்.

இப்போது நான் கேட்கிறேன். யார் இந்த மாலுமி? இங்கிருந்து போகிற கப்பல்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் உங்கள் துறைமுகத்தில் தங்கிவிடவில்லை. காலையிலும் இருக்கிறான், சாயங்காலமும் இருக்கிறான், உன் கதவருகில் செருப்பு மாட்டுகிறான். எந்தக் கதவு? அண்ணன் அப்போது எங்கே இருக்கிறான்?

நீ கேட்ட இரண்டு வார்த்தைகளை எழுதச் சொல்ல எனக்கு மனமில்லை. பெனெடிட்டா எனக்குத் தெரியாமல் எழுதினால் நான் பொறுப்பல்ல.

ஸ்வாவா


க்ராவீக்
2 மார்ச் 1994

கிஸ்ஸுர் அண்ணா,

இதை நானே என் கையால் நம் மொழியில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை பார்க்காதே, நீ ஒன்றும் பெரிய வாத்தியார் இல்லை. பெனெடிட்டா எழுதித்தர மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள். 'அந்தப் பொம்பளைய உனக்குப் புரியலை ஸ்வாவா' என்கிறாள். நான் ஜனவரியில் போட்ட கடிதத்துக்கு உன் பெண்டாட்டியிடமிருந்து பதில் இல்லை. போனும் அடித்துக்கொண்டே இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் பெண்டாட்டி ஐந்து மாதமாக உனக்குத் தெரியாமல் நம் மொழி கற்றுக்கொள்கிறாள். பயணத்துக்கு என்று சொன்னாள், நானும் முட்டாள் மாதிரி சொல்லிக்கொடுத்தேன். அவள் கேட்ட வார்த்தைகளைப் பார்: குளிருகிறதா, போர்வை வேண்டுமா, என் செல்லமே, போகாதே. இதெல்லாம் எந்த ஊர் பேருந்து நிலையத்தில் பேசுகிற பேச்சு? ஒரு மாலுமி இருக்கிறானாம். நம் ஆள். நீ மீன் உலர்த்தப் போனதும் வருகிறான் போலிருக்கிறது. அவன் சட்டையைக் கழற்றி மருத்துவரிடம் காட்டுகிற அளவுக்குப் போயிருக்கிறது. வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவனே கதறுகிறான், அப்படி என்னதான் சமைத்துப் போடுகிறாளோ.

களத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு உன் வீட்டுக்குள் எட்டிப் பார். அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வா. மாடி அறை காலியாக இருக்கிறது.

உன் தங்கை
ஸ்வாவா


இல்யாவு
20 மார்ச் 1994

ஸ்வாவா அவர்களுக்கு,

நீங்கள் கிஸ்ஸுருக்கு எழுதிய கடிதம் வந்தது. உங்கள் மொழியில் எழுதியதால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மூன்று நாள் மாவுப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிறகு அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் படித்தார். முதலில் முகம் சுருங்கியது. பிறகு சிரித்தார். மேசையைத் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என்னைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், மறுபடி சிரித்தார். ஆறு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன். அதில் என்ன எழுதியிருந்தீர்கள்?

மாலுமி அவர்தான். வேறு யாரும் இல்லை.

செப்டம்பரில், உங்கள் பிறந்தநாளுக்கு நாலு நாள் முன்பு, களத்தில் விழுந்தார். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். கை கொஞ்சம் சரியாகிவிட்டது. ஆனால் எங்கள் மொழி அவரை விட்டுப் போய்விட்டது. இருபத்துமூன்று வருஷம் பேசிய மொழி ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் போய்விட்டது. உங்கள் மொழி மட்டும் இருக்கிறது. நான் பேசினால் மழைச் சத்தத்தைக் கேட்பதுபோல் பார்க்கிறார். அவர் பேசுவது எனக்குப் புரியாமல், இருவரும் கத்தி, கடைசியில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். அதனால்தான் வார்த்தைகள் கேட்டேன்.

மருத்துவர் சொன்னார், சொந்த ஜனங்களோடு இருந்தால் இவர் நன்றாக இருப்பார் என்று. அதைக் கேட்ட அன்றைக்குத்தான் போனைப் பிடுங்கி வைத்தேன். உங்கள் குரலைக் கேட்டால் போய்விடுவார் என்று பயந்தேன். தெரிந்தால் நீங்கள் வந்து அழைத்துப்போவீர்கள் என்றும் பயந்தேன். 'ஹேய்ம்' என்றால் என்ன என்று நீங்கள் எழுதிய பிறகு எனக்குப் பதில் எழுதத் தெரியவில்லை.

போனை மறுபடி மாட்டிவிட்டேன். உங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள்.

இடலினா


க்ராவீக்
6 ஏப்ரல் 1994

இடலினா,

அந்தக் கடிதத்தில் வானிலை பற்றி எழுதியிருந்தேன். பெனெடிட்டா பேனாவை வைத்துவிட்டு என்னை முறைக்கிறாள். வானிலைதான்.

நேற்று அவனோடு போனில் பேசினேன், உனக்குத் தெரியும், நீதான் பக்கத்தில் நின்றிருப்பாய். சின்ன வயசுக் குரல் அப்படியே இருக்கிறது. நடுநடுவே வார்த்தைக்குத் தடுமாறினான், ஆனால் பேசினான். ஊரில் யார் இருக்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள், எல்லாம் கேட்டான். உன்னிடம் மறைக்கமாட்டேன். 'இங்கே வருகிறாயா' என்று கேட்டேன். மூச்சை உள்ளே இழுத்தான். திரும்பக் கேட்டேன். திரும்ப இழுத்தான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆறு மாதம். போனைப் பிடுங்கி வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? பெனெடிட்டா சொல்கிறாள், 'நீயா இருந்தா போன் கம்பத்தையே வெட்டியிருப்பே' என்று. இருக்கலாம்.

மே மாதம் அவனைக் கூட்டிக்கொண்டு வா. பயணம் வருகிறேன் என்றுதானே ஆரம்பித்தாய்.

ஸ்வாவா


இல்யாவு
15 ஜூன் 1994

ஸ்வாவா அவர்களுக்கு,

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இரண்டு வாரம் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. சாப்பாட்டுக்கு நன்றி, போன தடவைக்கு நன்றி. சரியாகச் சொல்கிறேனா?

ஊரில் எல்லோரும் அன்பாக இருந்தார்கள். நான் உங்கள் மொழியில் காபி கேட்டேன், ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். வழி கேட்டேன், ஆங்கிலத்தில் காட்டினார்கள். நீங்கள் முன்பே சொன்னதுதான். ஆனாலும் ஒரு குளிர்காலம் முழுவதும் பாத்திரத்தோடு பேசிப் படித்ததை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் பேசுகிறார். துறைமுகத்தில் நாள் முழுவதும் பேசுவதை நான் பார்த்தேன். உங்கள் மேசையில் எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அவர் என் பக்கம் திரும்பி, எதற்கென்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் சொல்லவில்லை.

அவர் அங்கேயே இருக்கட்டும். இங்கே நான் ஒருத்தி, அதுவும் அரைகுறை. அங்கே ஊரே இருக்கிறது. அவருடைய குளிர்கால உடுப்புகளைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறச் சட்டையின் இடது கைப் பித்தானை மட்டும் நீங்கள் போட்டுவிடவேண்டும். அவருக்கு வராது.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.

இடலினா


க்ராவீக்
20 ஜூலை 1994

இடலினா,

கடுப்பில் எழுதுகிறேன். பெனெடிட்டா மெல்ல எழுதினாலும் நீ வேகமாகப் படி.

முதல் மூன்று வாரம் எனக்குக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அண்ணன் மாடியில் குறட்டை விடுகிறான், கீழே காபி குடிக்கிறான், துறைமுகத்தில் பழைய சண்டைகளையெல்லாம் எடுத்துப் புதிதாகப் போடுகிறான். அவன் இங்கே விட்டுப் போனது இருபத்தெட்டு வயது வரைக்கும்தான். அதுவரைக்கும் எல்லாம் பேசியாயிற்று. பேசித் தீர்ந்தும் போயிற்று. அதற்குப் பிறகு ஆரம்பித்தது தொல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கிறான்.

'அன்னைக்குச் சமையக்கட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, நாங்க மேசைமேல ஏறி நின்னோமே, அப்ப விளக்கை யாரு பிடிச்சிருந்தா?'

'எந்தத் தண்ணி?'

'உப்பங்கழித் தண்ணி. கோழிங்க மிதந்துச்சே.'

'நம்ம வீட்டுல எப்படா கோழி மிதந்துச்சு?'

'உன் வீடு இல்ல. என் வீடு. விளக்கை யாரு பிடிச்சிருந்தா சொல்லு.'

எனக்கு எப்படித் தெரியும்? ஏதாவது சொல்லி வைப்போம் என்று 'நீதான் பிடிச்சிருப்பே' என்றேன். கோப்பையைச் சுவரில் அடித்தான். இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, எல்லாரும் தலையை மட்டும் ஆட்டுகிறீர்கள் என்று கத்தினான். வெறுங்காலோடு கப்பல் துறை வரைக்கும் போய் நின்றுவிட்டான். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன், இந்த முழங்காலோடு.

தினமும் இதே கதை. ஒரு நாய் பெயர் கேட்கிறான். ஒரு மாமனார் என்ன சொல்லித் திட்டினார் என்று கேட்கிறான். வார்த்தைக்கு இங்கே பஞ்சமில்லை. அவன் எதைப் பற்றிப் பேசவேண்டும் என்று துடிக்கிறானோ, அது பூராவும் உன்னிடம் இருக்கிறது. எங்களிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் அவனுக்கு ஒன்றாகிவிட்டது. சுவராவது எங்கள் மொழியில் குறுக்கே பேசாது.

இதை எழுத எனக்கு ஆசை என்று நினைக்காதே. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். குளிர்கால உடுப்பைப் பிரித்து அடுக்கிவிட்டேன், பித்தான்கூடப் போடப் பழகிவிட்டேன். பேசாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் இருந்தும் பார்த்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் உப்பு மீன் கப்பல் உங்கள் பக்கம் வருகிறது. வெளிப்படையாய்க் கேட்கிறேன், வெளிப்படையாய்ப் பதில் சொல். மரியாதைப் பேச்சு வேண்டாம். அவன் கத்துவான், உனக்குப் பாதி புரியாது, இன்னும் எத்தனை வருஷமோ தெரியாது. அனுப்பட்டுமா, வேண்டாமா?

ஸ்வாவா


இல்யாவு
4 ஆகஸ்ட் 1994

ஸ்வாவா,

இது நான் எழுதுகிறேன் உன் மொழி. பெனெடிட்டா வேண்டாம். தப்பு நிறைய. பரவாயில்லை.

அனுப்பு.

நான் துறைமுகத்தில் நிற்கிறேன். நாய் பெயர் ஃபரூஷ்கா. என் அப்பா அவனைத் திட்டினார், மீன் நாற்றம் பிடித்த வடக்கத்தியான். கோழி ஆறு மிதந்தது, ஒன்று செத்தது.

கிஸ்ஸுரிடம் நீ சொல். விளக்கு நான் பிடித்தேன்.

இடலினா